யார் கையில் மரக்கால்?

சம்பா நடவு முடிந்து மேலுரம் போடும் பருவத்தில் மன்னார்குடியிலோ பட்டுக்கோட்டையிலோ ஓர் உரக்கடையில் கொஞ்ச நேரம் நின்றால், விவசாயி தூக்கிப்போகும் மூட்டைக்குப் பின்னால் இன்னொரு கணக்கு ஓடுவது தெரியும். இந்தப் பருவத்தில் இத்தனை லிட்டர் பூச்சிமருந்து, இத்தனை கிலோ நுண்ணூட்டம் விற்றுக்கொடுத்தால் கடைக்காரருக்குப் பாங்காக். அதையும் தாண்டினால் மனைவியோடு துபாய். சிமெண்ட், பெயிண்ட், டிராக்டர், ஆயுள் காப்பீடு என்று டெல்டாவின் எந்தக் கடைத்தெருவிலும் இதே கணக்குத்தான். இந்தப் பழக்கத்தின் கதையைச் சொல்பவர்கள் அமெரிக்காவில் தொடங்குவார்கள்: டேட்டன் நகரத்து நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் விற்பனையாளர்களுக்கு நியூயார்க் பயணம் பரிசளித்தது, அங்கிருந்து உலகெங்கும் பரவியது என்று. பயணச்சீட்டுக்கு அந்தக் கதை பொருந்தலாம். வேலை செய்தவனுக்குக் கூலிக்கு மேலே ஒன்றைக் கொடுத்து அவனைத் தன் பக்கம் வைத்துக்கொள்ளும் வித்தைக்குப் பொருந்தாது. அது காவிரிக்கரையில் மிகப் பழைய சரக்கு. நெல்லாகவும் நிலமாகவும் பட்டமாகவும் வேட்டியாகவும் அது இங்கே கொடுக்கப்பட்டு வந்திருக்கிறது. அந்த நீண்ட வரலாற்றைப் பார்க்கும்போது எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது: எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைக் காட்டிலும், எந்த மரக்காலால் அளந்தார்கள், அந்த மரக்கால் யார் கையில் இருந்தது என்பதே வாங்கியவனின் வாழ்க்கையைத் தீர்மானித்திருக்கிறது.

வணிகருக்கான வெகுமதியிலிருந்தே தொடங்கலாம். ஏனாதி, காவிதி, எட்டி என்று பழந்தமிழ் அரசர்கள் கொடுத்த பட்டங்கள் மூன்று. படைத்தலைவருக்கு ஏனாதி, அதிகாரிகளுக்குக் காவிதி, வணிகருக்கு எட்டி. ஏனாதிக்கு மோதிரம்; மற்ற இருவருக்கும் பொன்னாலான பூ. எட்டிப்பூ, காவிதிப்பூ என்று உரையாசிரியர்கள் அவற்றைக் குறிக்கிறார்கள். பூவோடு நின்றதில்லை, எட்டிப்புரவு, காவிதிப்புரவு என்ற பெயரில் நிலமும் உண்டு. காவிரி கடலில் கலக்கும் புகாரைக் களமாகக் கொண்ட மணிமேகலையில் எட்டிகுமரன் என்று ஒருவன் வருகிறான்; பட்டம் குடும்பப் பெயராகவே ஒட்டிக்கொண்டுவிட்டதை அதில் காணலாம். சிறந்த வியாபாரிக்கு மேடையேற்றித் தங்கமுலாம் பூசிய கேடயம் தரும் இன்றைய விழாவுக்கு இதைவிடப் பொருத்தமான மூதாதை கிடைக்காது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பூ அரசனின் மனமகிழ்ச்சியைக் காட்டியது. புரவு வருவாயைக் கொடுத்தது. இரண்டும் சேர்ந்திருந்ததால்தான் அந்தப் பட்டத்துக்கு எடை இருந்தது. இன்றைய விழாக்களில் பெரும்பாலும் பூ மட்டும் வருகிறது, புரவு வருவதில்லை.

இந்த எடை என்ன என்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்லிலேயே காட்டுகிறது. ராஜராஜனின் 29-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1014-ல் வெட்டப்பட்ட தளிச்சேரிக் கல்வெட்டு, இந்தியாவிலேயே மிக விரிவான பணியாளர் பதிவேடுகளில் ஒன்று. சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட கோயில் ஆடல்மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகள், எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன என்று வரிசையாகப் பதிவாகியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. ஒரு பங்கு என்பது ஒரு வேலி நிலத்தின் விளைவு. அதை 100 கலம் நெல்லாகக் கணக்கிட வேண்டும். நட்டுவம் செய்பவருக்கு இரண்டு பங்கு, குடை பிடிப்பவருக்கு அரைப் பங்கு என்று வேலைக்கேற்ற ஏற்ற இறக்கமும் உண்டு. சிறந்து விளங்கியவர்களுக்கு அரசனின் பெயரையே பட்டமாகச் சேர்த்தார்கள். தச்சர் ராஜராஜப் பெருந்தச்சன் ஆனார். சவரத் தொழிலாளி ராஜராஜப் பெருநாவிசன் ஆனார். பெயரில் அரசன், கையில் பங்கு. ஆக, எட்டிப்பூவின் இலக்கணம் இங்கே நாவிதர் வரைக்கும் இறங்கியிருக்கிறது.

கல்வெட்டில் என்னை நிறுத்தி வைப்பவை வேறு இரண்டு செய்திகள். நெல்லை எந்த அளவையால் அளக்க வேண்டும் என்பது பெயரோடு சொல்லப்பட்டிருக்கிறது: ஆடவல்லான் என்னும் மரக்கால், அது ராஜகேசரி என்னும் மரக்காலுக்கு ஒத்தது. அளக்கிறவன் தன் வீட்டுச் சிறிய மரக்காலை எடுத்துவர முடியாது. இரண்டாவது, பங்கு பெறுபவர் இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ என்ன செய்வது என்பது. அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணியைச் செய்வார். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவரை அமர்த்திப் பணியைச் செய்வித்துக்கொள்ளலாம். நெருங்கிய உறவே இல்லையென்றால் அதே பங்கு பெறும் மற்றவர்கள் கூடித் தகுதியானவரைத் தேர்ந்தெடுப்பார்கள். மேலதிகாரியின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்க வேண்டிய ஓர் இடத்தை உடன்பணியாளர்களின் முடிவுக்கு விட்டிருக்கிறார்கள். கொடை என்ற பெயரில் தொடங்கியது பங்கு என்ற பெயரில் கல்லில் ஏறியபோது, அதைத் திரும்பப் பிடுங்குவது அரசனுக்கே கடினமாகிவிட்டது.

இதைச் சொன்னதும் வரும் மறுப்பு நியாயமானது. கல்வெட்டு தொழிலாளர் சட்டம் அல்ல. அந்த 400 பெண்களிடம் தஞ்சாவூருக்கு வரச் சம்மதமா என்று கேட்டதற்குச் சுவரில் சான்று இல்லை. அதைவிட முக்கியமானது, அந்த 40,000 கலம் நெல்லை விளைவித்தவர்கள் யார் என்பது. பெரிய கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களைச் சொல்லும் கல்வெட்டுகளில், வரி கழிக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில் ஊர்நத்தம், குளம், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் வருகின்றன. சேரி இருக்கிறது, சேரியில் இருந்தவரின் பெயர் இல்லை. குடை பிடித்தவரின் அரைப் பங்கைக்கூட எழுதி வைத்த சுவர், நாற்றுப் பிடுங்கியவரின் படி நெல்லை எழுதவில்லை. ஆகவே சோழர் காலத்தைப் பொற்காலமாக்கிக் காட்ட நான் வரவில்லை. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தைத் தகர்ப்பதற்குப் பதில் உறுதிப்படுத்துகிறது என்றே நினைக்கிறேன். சுவரில் ஏறியவர்களின் வழி ஒன்று. ஏறாதவர்களின் வழி வேறு. ஏறாதவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் டெல்டாவின் அடுத்த பல நூற்றாண்டுக் கதை.

மிராசுதாரின் பண்ணையாள் எப்படிப் பிழைத்தான் என்று பாருங்கள். அன்றாடக் கூலி சில படி நெல். அதற்கு மேலே ஒரு பெரிய வெகுமதிப் பட்டியல் உண்டு: அறுவடையில் களவடி நெல், குடியிருக்க மனைக்கட்டு, தீபாவளிக்குத் துணி, பொங்கலுக்கு வேட்டி, வீட்டில் கல்யாணம் என்றால் கொஞ்சம் நெல், சாவு என்றால் கொஞ்சம் நெல். இவற்றைச் சலுகை என்றும் மாமூல் என்றும் இனாம் என்றும் சொன்னார்கள். கூட்டிப் பார்த்தால் குடும்பத்தின் ஆண்டு வருவாயில் இவை சிறிய பகுதியல்ல. ஆனால் எதுவும் எழுத்தில் இல்லை. பொங்கல் வேட்டி வரும் என்பது தெரியும். வராவிட்டால் கேட்க முடியாது. கல்யாணத்துக்கு வாங்கிய நெல் இனாமா கடனா என்பதை மிராசுதாரின் காரியக்காரர் முடிவு செய்வார். கடன் என்று அவர் சொன்னால் மகனும் அதே பண்ணையில் கட்டுண்டான். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணமாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். மங்கலச் சொல்தான். ஆனால் அந்தக் களத்தில் லாபம் யாருக்கு என்பதைச் சொல்லும் மரக்கால் ஒருவர் கையில்தான் இருந்தது, அதுவும் இரண்டு வகையில் இருந்தது: குத்தகை வாங்கும்போது பெரியது, கூலி கொடுக்கும்போது சின்னது. கூலியில் விழுந்த நெல்லில் கருக்காயும் பதரும் மிகுந்திருப்பது பற்றியும் ஓயாத முறையீடு உண்டு.

1943-ல் மன்னார்குடி வட்டம் தென்பறையில் விவசாயச் சங்கம் கால்கொண்டபோதும், கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் ஊர் ஊராக நடந்து அதைப் பரப்பியபோதும், முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளைப் படித்தால் இது விளங்கும். சாட்டையடி கூடாது, சாணிப்பால் புகட்டக் கூடாது என்பவை மனிதனாக நடத்தக் கேட்டவை. அவற்றோடு முத்திரை மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்ற கோரிக்கையும் நின்றது. கூடுதலாகக் கொடு என்று கேட்பதற்கு முன்னால், கொடுப்பதை எல்லாருக்கும் தெரிந்த அளவையால் கொடு என்று கேட்டிருக்கிறார்கள். ஆடவல்லான் மரக்கால் கோயில் பணியாளருக்கு உறுதி செய்ததை வயல் பணியாளர் கேட்க 900 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1944-ல் மன்னார்குடியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1952-ல் ராஜாஜி அரசு தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்று எழுதியது, பண்ணையாளின் கூலியையும் வேலையையும் சட்ட வரம்புக்குள் கொண்டுவந்தது. எழுத்தில் வந்தது களத்தில் நடந்துவிடவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பின்னணியில் இருந்தது கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதும், அதற்காகச் சங்கத்தில் நின்றதும், உள்ளூர் ஆட்களுக்குப் பதிலாக வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்கியதும். அடுத்த ஆண்டே விவசாயத் தொழிலாளர் நியாயக்கூலிச் சட்டம் வந்தது. இனாமாகப் பொங்கலுக்கு ஒரு மூட்டை நெல் கொடுக்க மனம் வந்த மிராசுதார்கள் இருந்தார்கள். அதே நெல்லை உரிமையாகக் கேட்டபோது அரைப் படிக்குக்கூட மனம் வரவில்லை. இனாம் எதை விலைக்கு வாங்குகிறது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

பழைய முறையில் ஒரு பாசம் இருந்ததே, சட்டம் வந்து அதைக் கெடுத்துவிட்டதே என்று இன்றும் கேட்கிறவர்கள் உண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. 1952-க்குப் பிறகு பல மிராசுதார்கள் பண்ணையாள் வைப்பதையே கைவிட்டுத் தினக்கூலிக்கு மாறினார்கள். மழைக்காலத்தில் வேலையில்லாத நாளுக்குப் பண்ணையில் கிடைத்த கடன் நெல் நின்றது. துக்கத்துக்கு வந்த நெல்லும் நின்றது. சட்டம் கூலியை எழுதியது. நோய்க்கும் மூப்புக்கும் எதையும் எழுதவில்லை. இது சட்டத்தின் குறை. ஆனால் குறைக்கு மருந்து பழைய மாமூலுக்குத் திரும்புவது என்பது பொருந்தாது. மாமூலில் இருந்த நல்லவற்றையும் எழுத்தில் கொண்டுவருவதே மருந்து. மாமூல் என்ற சொல்லுக்கே என்ன ஆயிற்று பாருங்கள். வழக்கம் என்று பொருள்பட வந்தது, பிறகு வழக்கமான கொடுப்பனவு ஆனது, இன்று நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்கிறார்கள் என்று விவசாயிகள் புகார் சொல்லும்போது வாயில் வருகிற சொல்லும் அதுவே. மானியம் இன்னொரு திசையில் போயிற்று. ஊர் வண்ணாருக்கும் நாவிதருக்கும் வெட்டியானுக்கும் ஊழியத்துக்காக விடப்பட்ட நிலம் மானியம். இனாம் ஒழிப்புச் சட்டங்கள் அவற்றைப் பட்டா நிலமாக்கியபின், டிராக்டருக்கு அரசு கழிக்கும் தொகையின் பெயர் ஆகிவிட்டது.

ஆலைகளிலும் அலுவலகங்களிலும் இதே வழக்கு வேறு பெயரில் நடந்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் பம்பாய்ப் பஞ்சாலைகள் லாபம் கொழித்தபோது தொழிலாளிக்குப் போர் போனஸ் கொடுத்தன. லாபம் சுருங்கி 1924-ல் அது நின்றதும் வேலைநிறுத்தம் வெடித்தது. விசாரித்த மக்லியோட் குழு, போனஸ் கேட்கத் தொழிலாளிக்கு வழக்கத்திலோ சட்டத்திலோ உரிமை இல்லை என்றது. அதாவது அது முதலாளியின் இனாம். அந்தத் தீர்ப்பு புரள 40 ஆண்டுகள் ஆயின. 1965-ல் போனஸ் சட்டம் குறைந்தபட்சம் 4 சதவீதம் என்று எழுதியது, பின்னர் 8.33 சதவீதம் ஆனது. அவசரநிலையில் வெட்டப்பட்டு 1977-ல் மீண்டது. அந்த 8.33 தற்செயல் எண் அல்ல. ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, பதின்மூன்றாவது மாதம். கும்பகோணத்துத் துணிக்கடைகளில் தீபாவளிக் கூட்டம் நெரிவது இந்த எண்ணை நம்பித்தான். பயணத்துக்கும் இப்படி ஓர் உரிமை வடிவம் உண்டு. மத்திய அரசு ஊழியருக்கு 1956 முதல் விடுமுறைப் பயணச் சலுகை இருக்கிறது. பெயர் சலுகை, உள்ளடக்கம் விதி. எந்த அதிகாரிக்கும் புன்னகை காட்டாதவரும் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போய்வந்து பில் கொடுக்கலாம். ஒப்பிட, சரபோஜி மன்னர் 1820-ல் காசிக்குப் புறப்பட்டபோது உடன்சென்ற சுமார் 3,000 பேரை நினைத்துப் பார்க்கலாம். அவர்களும் கங்கையில் குளித்திருப்பார்கள். ஆனால் கூடாரம் அடித்ததும் பல்லக்குச் சுமந்ததும் அவர்கள்தான். எசமானோடு போகும் பயணத்தில் பாதி வேலையாகவே இருக்கும்; நிறுவனச் சுற்றுலாவில் காலையில் நடக்கும் பொருள் விளக்கக் கூட்டத்துக்கும் அதுவே பொருள்.

உரக்கடைக்காரரைப் பண்ணையாளோடு ஒப்பிடுவது தகுமா என்று கேட்கலாம். தகாதுதான். அவர் சுதந்திரமான வியாபாரி. பாங்காக் கிடைக்காவிட்டால் யாரும் சாட்டை எடுக்கப்போவதில்லை. நான் ஒப்பிடுவது ஆட்களை அல்ல, அளவையை. இலக்கு எவ்வளவு என்பதை நிறுவனம் தனியாக வைக்கிறது, பருவத்தின் நடுவே மாற்றவும் அதனால் முடியும். இலக்கு கைக்கெட்டும் தூரத்தில் நின்றுவிட்டால் மீதிச் சரக்கு யார் தலையில் ஏறும்? யூரியா கேட்டு வரும் விவசாயியிடம் வேண்டாத நுண்ணூட்டத்தையும் சேர்த்து விற்கும் இணைப்புப் பொருள் பற்றி டெல்டாவில் பருவம்தோறும் எழும் புகாருக்கும் இந்த இலக்குகளுக்கும் தொடர்பே இல்லை என்று நம்ப எனக்குக் கடினமாக இருக்கிறது. புகையானுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் தேவைக்கு மேல் தெளிக்கப்படும் மருந்தின் ஒரு பகுதி விமானக் கட்டணம். எட்டிப்பூவை அரசன் தன் கருவூலத்திலிருந்து கொடுத்தான். இந்தப் பூவுக்கு வயல் பணம் கட்டுகிறது, வயல்காரருக்கு அது தெரிவதுமில்லை.

எல்லாவற்றையும் உரிமையாக்கிவிட்டால் கூடுதலாக உழைப்பவனுக்கு என்ன மிச்சம் என்பது கடைசி மறுப்பு, கனமானதும் இதுதான். எல்லாருக்கும் 8.33 என்றால் திறமைக்கு மரியாதை எங்கே? எழுதி வைப்பது என்றால் சமமாக வைப்பது என்று பொருளில்லை. தளிச்சேரிக் கல்வெட்டில் இரண்டு பங்கும் உண்டு, அரைப் பங்கும் உண்டு, பெருந்தச்சன் என்ற பட்டமும் உண்டு. யாருக்கு ஏன் எவ்வளவு என்பது சுவரில் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. இன்றும் உதாரணம் இருக்கிறது. திருந்திய நெல் சாகுபடியில் மாநிலத்திலேயே அதிக விளைச்சல் எடுப்பவருக்கு விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு பெயரில் தமிழக அரசு குடியரசு நாளில் 5 லட்சம் ரூபாய் பரிசு தருகிறது. அதற்கு வயலில் அறுத்து, எடை போட்டு, கணக்குக் காட்ட வேண்டும். பரிசு ஒருவருக்குத்தான், ஆனால் தராசு பொதுவில் நிற்கிறது. தோற்றவரும் ஏன் தோற்றோம் என்று அறிவார். நிறுவனங்களிடம் கேட்க வேண்டியதும் இவ்வளவே: இலக்கைப் பருவத்தின் தொடக்கத்தில் எழுதிக் கொடுங்கள், நடுவில் மாற்றாதீர்கள், பயணத்தின் மதிப்பைச் சொல்லுங்கள், வேண்டாதவருக்கு அதைப் பணமாகக் கொடுங்கள்.

இதில் ஒன்று, மதிப்பைச் சொல்வது, வருமானவரித் துறையின் புண்ணியத்தால் ஏற்கெனவே நடந்துவிட்டது. 2022 ஜூலை 1 முதல், வருமானவரிச் சட்டத்தில் சேர்ந்த 194ஆர் பிரிவின்படி, வியாபாரத்தின் பேரில் ஒருவருக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் கிடைக்கும் எந்தச் சலுகைக்கும், வெளிநாட்டுச் சுற்றுலா உட்பட, 10 சதவீதம் வரி பிடித்துக் கணக்கில் காட்ட வேண்டும் என்றாகிவிட்டது. இனாம் என்று வந்தது வருமானம் என்ற பெயரில் பதிவாகத் தொடங்கியது.